லெமினேட் அன்ரியும் என் சிவப்புப் புள்ளிகளும்

வெறும் காகிதத்தைக் கண்டால் அன்ரிக்குக் கை துறுதுறுக்கும். காகிதம் மேசையில் கிடக்கிறது, மின்விசிறிக் காற்றில் அதன் மூலை ஒன்று எழும்பி அடங்குகிறது, அவ்வளவுதான், பிடித்துவிடுவார். நீங்கள் போட்டோக் கொப்பி எடுக்க வந்தீர்களா, ஃபோனுக்கு ரீலோட் போட வந்தீர்களா என்பதெல்லாம் பிறகு. முதலில் காகிதம் பிளாஸ்டிக் உறைக்குள் போகும், உறை மெஷினுக்குள் போகும், மறுபக்கத்தால் சூடாக, விறைப்பாக, இனி ஒருநாளும் மடியாத ஒன்றாக வெளியே வரும்.

"பாரும் தம்பி, இனி மழை வந்தாலும் பயமில்லை."

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தக் கடை இருந்தது. இப்படியான கடைகளை நாங்கள் கொம்யூனிகேஷன் என்போம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டும். கடைக்கு ஒரு பெயரும் அதற்கு ஒரு பலகையும் இருந்தன. ஒருவரும் அதைச் சொன்னதில்லை. "லெமினேட் அன்ரியிட்டப் போய் எடுத்துக்கொண்டு வா" என்பார்கள். இப்போது அந்த இடத்தில் ஃபோன் கவர் விற்கிறார்கள். அன்ரி மகளோடு குளிர்நாடு ஒன்றில் இருக்கிறார். அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்று. அவரும் நானும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். சரிபாதி என்று சொல்ல ஆசைதான். ஆனால் என்னிடம் பட்டம் இருந்தபடியால் என் பங்கு கொஞ்சம் கூட.

அவர் லெமினேட் செய்தவற்றில் நானே கண்ணால் கண்டவை: ரயில் சீசன் டிக்கட், கோயில் கொடியேற்ற நோட்டீஸ், யாரோ ஒரு பெண் கேட்டு எழுதிய தொதல் இனிப்புச் செய்முறை, 'இன்று கடை பூட்டு' என்ற அறிவித்தல். பேப்பரைக்கூட அவர் மடிக்கமாட்டார். மேசையில் விரித்து, நின்றபடி வாசித்து, விரித்தபடியே அடுக்கி வைப்பார். பஸ் டிக்கட் மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போக நின்ற ஒருவர் தன் சான்றிதழைக் கொடுத்து ஒரு பிரதி கேட்டிருக்கிறார். அன்ரி பிரதியையும் கொடுத்து, மூலத்தை லெமினேட்டும் செய்து கொடுத்துவிட்டார். லெமினேட் செய்த சான்றிதழை உறுதிப்படுத்த முடியாது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் கடைவாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். அன்ரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பாதுகாப்பா வச்சிருக்கிறதும் குற்றமோ? அவைக்குத்தான் விசர்," என்றார்.

என்னுடைய நியமனக் கடிதமும் அவர் கையில் அகப்பட்டது. மூன்று மாத ஒப்பந்தம். சூடாறாத கடிதத்தை என் கையில் தந்து, "இப்ப நிரந்தரம் மாதிரி இருக்கெல்லே," என்றார்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார், அம்மா இரண்டு வீடுகளில் சமைக்கிறார். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியதோடு நிற்காமல் பல்கலைக்கழகம்வரை போய், கணினியில் வரைபடம் செய்யப் படித்துவிட்டு வந்தேன். ஒரு சுகாதார அலுவலகத்தில் வேலை கிடைத்தது. குழந்தைகளின் தடுப்பூசி விபரங்களைத் தரவுத்தளத்தில் ஏற்றி, ஒவ்வொரு குழந்தையையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக்குவது. அப்பா தன் கூட்டாளிகளுக்கு இதை, "ஊசி போடுற ஆபிஸ்ல நம்ம பய புள்ளி வைக்கிறான்," என்று விளக்கினார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடச் சரியாக யாரும் என் வேலையைச் சொன்னதில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

வெள்ளவத்தைக்குப் போனால் நான் யாழ்ப்பாணத்தார் மாதிரி 'ஓம்' என்பேன், கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினால் 'ஆமா'. அன்ரியின் கடையில் இரண்டும் கலந்து வரும். அவர் கண்டுகொள்ளமாட்டார். நான் ஊசி போடுகிறவன் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தார் போலும். 'ஊசித் தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

வெள்ளவத்தையில் பாதிப் பிள்ளைகளுக்குத் தனியார் டொக்டர்மார்தான் ஊசி போடுவார்கள். அதனால் எங்கள் கிளினிக் பதிவேட்டை நம்ப முடியாது. தாய்மாரின் கையில் உள்ள தடுப்பூசி அட்டைதான் சாட்சி. அந்த அட்டையைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பும்படி கேட்டோம், அனுப்பினார்கள். நான் பார்த்துப் பதிந்தேன். காலத்துக்கு ஊசி போட்டது பச்சை, தவறியது சிவப்பு. சிவப்பென்றால் தாயின் ஃபோனுக்குத் தானாகவே ஒரு மெசேஜ் போகும், ஊசி போடும்வரை மாதாமாதம் போகும். இந்த ஏற்பாட்டில் எனக்கு இருந்த காதலை வேறு எதிலும் நான் வைத்ததில்லை.

அனுப்பிய படங்கள் சிலவற்றில் அட்டைக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு மினுக்கம் இருந்தது. ஃபோன் பிளாஷ் என்று நினைத்தேன். அந்த மினுக்கத்தை அழிக்க ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்து, இரண்டு நாள் செலவழித்து, வெற்றிகரமாக அழித்தேன். என் சுயவிபரக் கோவையில் அது இன்றும் ஒரு வரியாக இருக்கிறது.

ஒரு காலை வரைபடத்தைத் திறந்தபோது அந்த ஒரு ஒழுங்கை மட்டும் சிவப்பாகக் கிடந்தது. சுற்றிவரப் பச்சை, நடுவில் நெருங்கிய சிவப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புள்ளிகள் எங்கே திரள்கின்றனவோ அங்கே ஒரு காரணம் இருக்கும் என்று படித்திருந்தேன். காரணத்தைத் தேட உடனே புறப்பட்டேன், கதிரையை விட்டு எழும்பாமல். வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஃபோனில் பரப்பும் வதந்தி, படித்தவர்களின் அவநம்பிக்கை என்று பின்னேரத்துக்குள் இருபத்திரண்டு பக்கம் சேர்ந்தது. தலைப்பு, 'தடுப்பூசி மறுப்பு வலயம்: ஓர் அவசர எச்சரிக்கை.' அந்த மாதம் கொழும்பில் சின்னமுத்து என்கிற தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. எங்கள் டொக்டர் பதறிப்போய், அந்த ஒழுங்கைத் தாய்மாரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைப்போம் என்றார்.

கூட்டத்துக்கு வரைபடத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுக்க அன்ரியிடம் போனேன். தாள் வெளியே வந்ததும் அவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"வடிவாயிருக்கு தம்பி. நடுவில ரோசாப்பூ மாதிரி. என்ன உது?"

"பிரச்சினையான இடம் அன்ரி."

"ஐயோ பாவம்," என்று சொல்லி, நான் கேட்காமலே லெமினேட் செய்தார். சுருட்ட முடியாத அந்தப் படத்தைக் கலியாணப் போட்டோ மாதிரி நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி பஸ்ஸில் நின்று போனேன்.

கூட்டத்தில் நான்தான் முதலில் பேசினேன். "அன்பான தாய்மார்களே, அச்சம் வேண்டாம்," என்று தொடங்கினேன்.

முன்வரிசையில் இருந்த பெண் கேட்டார். "ஆருக்குத் தம்பி அச்சம்?"

"ஊசிக்கு..."

"என்ர பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. கார்ட்டில எழுத ஏலாது, அதுதான்."

அவர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் இருந்தவர்களும் தூக்கினார்கள். டியூப் லைட் வெளிச்சம் அத்தனை அட்டைகளிலும் பட்டு என் கண்ணில் அடித்தது. நான் இரண்டு நாள் மினக்கெட்டு அழித்த மினுக்கம்.

டொக்டர் ஒரு அட்டையை வாங்கிப் பேனையால் எழுதிப் பார்த்தார். பேனை வழுக்கியது. பிறந்தவுடன் போட்ட ஊசியும், இரண்டு மாத ஊசியும் உள்ளே பத்திரமாக இருந்தன. அதற்குப் பிந்தியவற்றுக்கு வழியில்லை. சில டொக்டர்மார் துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் கிளினிக்கில் மார்க்கர் பேனையால் பிளாஸ்டிக்கின் மேலேயே எழுதியிருந்தார்கள். கொரோனாக் காலத்தில் தாய்மார் வீட்டிலுள்ள சாமான்கள் எல்லாவற்றையும் டெட்டோல் போட்டுத் துடைத்தபோது அட்டையையும் துடைத்தார்கள்.

"ஆர் உதை லெமினேட் பண்ணினது?" என்று டொக்டர் கேட்டார்.

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ஒழுங்கைத் தாய்மாரோடு தானும் வந்திருந்த அன்ரி, இரண்டாம் வரிசையில் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி எழும்பினார். பரிசு வாங்கப் போகிறவரின் முகம்.

"நான்தான் டொக்டர். ஒழுங்கையில பிள்ளை பிறந்தா, ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள கார்ட்டை என்னட்டக் கொண்டு வருவினம். நான் சும்மாதான் செய்து குடுக்கிறனான்."

டொக்டர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உம்மட வலயத்துக்கு நடுவில என்ன கடை இருக்கெண்டு ஒருக்கா எண்டாலும் பாத்தனீரோ?"

நான் பார்க்கவில்லை. கிழமைக்கு மூன்று தரம் அந்தக் கடையில்தான் நின்றேன்.

அடுத்த நாள் அன்ரியிடம் போனேன். இனிக் கார்ட்டை லெமினேட் செய்ய வேண்டாம் என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பாகியிருந்தது. அவர் மெஷினை நிறுத்திவிட்டு இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அதன் மூடியில் கையை வைத்திருந்தார். பிறகு, யாரோ வேறொருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"அந்தச் சண்டைக் காலத்தில தமிழ்ச் சனம் கொழும்பில இருக்கிறதுக்குப் பொலிஸில பதிஞ்ச துண்டு வேணும். உமக்குத் தெரியாது, நீர் அப்ப பிறக்கேல்லை. இவர் அதை நாலா மடிச்சு சேட் பொக்கற்றுக்க வச்சிருப்பார். ஒவ்வொரு சந்தியிலயும் விரிச்சுக் காட்டுறது, பேந்து மடிக்கிறது. வேர்வை வேற. நடுவில ஓட்டை விழுந்திட்டுது. பேர் இருந்த இடம். ஒருநாள் பின்னேரம் மறிச்சவன் அந்த ஓட்டைக்குள்ளால இவரைப் பாத்துச் சிரிச்சவனாம். பதினொரு நாள் வச்சிருந்தவங்கள்."

அன்ரி மேசையில் கிடந்த தாள் ஒன்றை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"வந்தாப் பிறகு இவர் அதைப்பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. இந்த மெஷினுக்கு முந்தின மெஷினை வாங்கிக்கொண்டு வந்தார். பேப்பர் போனா ஆள் இல்லை தம்பி."

அவருடைய கணவரின் படம் கடைச் சுவரில் மாலையோடு தொங்கியது. அதுவும் லெமினேட் செய்ததுதான். அத்தனை நாளும் அதைக் கண்ணாடிச் சட்டம் என்று நினைத்திருக்கிறேன்.

நான் புறப்படும்போது, "எத்தனை பிள்ளையள்?" என்று கேட்டார். நாற்பதுக்கு மேல் என்றேன். தலையாட்டினார். அன்று மாலையே தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியோடு வீடு வீடாக ஏறியிருக்கிறார். எந்த ஊசி எப்போது போட்டது, யார் போட்டது, துண்டு இருக்கிறதா என்று தாய்மாரைக் கேட்டு எழுதியிருக்கிறார். இது எனக்குத் தெரியாது.

நான் செய்தது வேறு. அந்த ஒழுங்கையில் யாரும் ஊசியை மறுக்கவில்லை, எழுத இடமில்லாததுதான் பிரச்சினை என்பது கூட்டத்தில் நிரூபணமாகிவிட்டது. ஆகவே கணினியில் ஒழுங்கையைச் சுற்றி ஒரு கோடு இழுத்தேன். உள்ளே இருந்த அத்தனை புள்ளிகளையும் தெரிவு செய்து, 'ஊசி போடப்பட்டது' என்று ஒரே கட்டளை கொடுத்தேன். நாலு வினாடி. ரோசாப்பூ மறைந்தது. ஒரு ஒழுங்கைக்கே தேநீர் ஆறுவதற்குள் ஊசி போட்டு முடித்த ஆள் நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பச்சை வரைபடத்தைப் பிரிண்ட் எடுக்க, கொஞ்சம் பெருமையாகவே, அன்ரியிடம் போனேன். அவர் தாளை எடுத்தார். மெஷின் பக்கம் கொண்டுபோகவில்லை. மேசையில் விரித்து, கொப்பியைப் பக்கத்தில் வைத்து, ஒரு புள்ளியில் விரலை ஊன்றினார்.

"இது பின்வீட்டு அனெக்ஸ் தானே? வவுனியாப் பிள்ளை. புருஷன் கட்டாரில."

"ஓம் அன்ரி."

"குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டாச்சோ?"

"பச்சை தானே. போட்டாச்சு."

"ஆர் போட்டது?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

"கையிலயோ, காலிலயோ?"

"தெரியாது அன்ரி."

"தாய்க்கும் தெரியாது. ராத்திரித்தான் போய்க் கேட்டனான். போடேல்லையாம். கிளினிக் நாளில குழந்தைக்குக் காய்ச்சலாம். நீர் என்னெண்டு தம்பி போட்டனீர்?"

ஒன்பதாம் மாத ஊசிதான் சின்னமுத்துக்கானது. அடுத்த ஒழுங்கையில் ஒரு பிள்ளை அதோடு ஆஸ்பத்திரியில் இருப்பதாக முந்திய நாள்தான் அலுவலகத்துக்குச் செய்தி வந்திருந்தது. அன்ரி கடையைப் பூட்டினார். வழக்கமான அறிவித்தலைக்கூட மாட்டவில்லை.

பின்வீட்டோடு ஒட்டிய அந்த வாடகை அனெக்ஸின் வாசலில் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். குழந்தைக்குப் பதினொரு மாதம். கதவு நிலையைப் பிடித்து எழும்பி எழும்பி விழுகிற பருவம். நான் யார் என்று அன்ரி சொன்னதும் அவளுக்கு முகம் மலர்ந்தது.

"நீங்களோ மெசேஜ் அனுப்புறது? முந்தி ரெண்டுதரம் வந்தது. சுகம் வந்தோண்ணை கூட்டிக்கொண்டு போவம் எண்டிருந்தனான். பேந்து வரேல்லை. அப்ப அவசரமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன்."

இரண்டு மெசேஜ் போனபிறகுதான் நான் பச்சையாக்கினேன். பச்சைக்கு மெசேஜ் போகாது. அதை அவளுக்கு விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். அன்ரி ஓட்டோவை மறித்துவிட்டார்.

அன்று கிளினிக் நாள் இல்லை. நர்ஸ் மிஸ் குழந்தையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, "எக்க லமயெக்குட்டத மல்லி?" என்றார். ஒரு பிள்ளைக்காகவா தம்பி என்று, சிங்களத்தில். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு குப்பியில் பத்துப் பிள்ளைகளுக்கு மருந்து இருக்கும். திறந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை எறிய வேண்டும். எறிவதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த வீண் மருந்து மூன்றைத் தாண்டினால் கட்டம் சிவக்கும்படி தரவுத்தளத்தில் செய்து வைத்தவன் நான். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்.

"செவ்வாய் வரைக்கும் சின்னமுத்து பாத்துக்கொண்டு இருக்குமோ?" என்று அன்ரி என்னைக் கேட்டார், நர்ஸை அல்ல. பிறகு சுவரோர மர வாங்கில் போய் இருந்துகொண்டார்.

நான் டொக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோடு இழுத்தது, நாலு வினாடி, மெசேஜ் நின்றது. டொக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். எழும்பி வந்து, "குப்பியைத் திறவுங்கோ, எழுத வேண்டியதை நான் எழுதுறன்," என்று மட்டும் நர்ஸிடம் சொன்னார்.

குழந்தை வீரிட்டு அழுதது. காலில்தான் போட்டார்கள். நான் நின்று பார்த்தேன்.

"மிச்சம் ஒன்பதையும் என்ன செய்வியள்?" என்று அன்ரி கேட்டார்.

"எறியிறதுதான்," என்றார் டொக்டர்.

"போட்டதுக்குத் துண்டும் இல்லை, ஞாபகமும் இல்லை எண்டிற பிள்ளையளுக்குத் திரும்பப் போட்டாக் கெடுதலோ?"

"ஒரு கெடுதலும் இல்லை. கூட்டிக்கொண்டு வரட்டும்."

அன்ரி கொப்பியைத் திறந்து ஃபோனை எடுத்தார். "பிள்ளை, நான் கதைக்கிறன். உன்ர மகளின்ர துண்டைக் காணேல்லை எண்டனியெல்லே... ஓம், இப்பதான். அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வா... குளிக்க வார்த்தா என்ன, துடைச்சுக்கொண்டு வா." வரிசையாகப் பேசினார். சிலர் எடுக்கவில்லை, ஒருவர் நுகேகொடையில் நிற்பதாகச் சொன்னார், ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். பின்னேரத்துக்குள் நாலு பிள்ளைகள் வந்தார்கள். நாலு பேரும் என் வரைபடத்தில் பச்சை. மிச்சம் ஐந்தை எறிந்தார்கள். நான் போய்த் தரவுத்தளத்தில் ஐந்து என்று பதிந்தேன். கட்டம் சிவந்தது. அந்த ஒழுங்கையின் பச்சை முழுவதையும் எடுத்துவிட்டு, எல்லோரையும் பழையபடி சிவப்பாக்கினேன். கொப்பியில் அத்தாட்சி உள்ளவர்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்ற மூன்று நாள் பிடித்தது.

அன்று நாங்கள் வெளியே வந்தபோது குழந்தை தாயின் தோளில் விக்கிக்கொண்டே தூங்கியிருந்தது. படியில் இறங்கும்போது அவள் நின்றாள்.

"அன்ரி, அடுத்த ஊசிக்கு நான் எதைப் பாக்கிறது? உங்கட கார்ட்டையோ, இந்த அண்ணாவின்ர மெசேஜையோ?"

"எங்கள் ரெண்டு பேரையும் நம்பாதை," என்றார் அன்ரி. "திகதியைப் பாடமாக்கு."

அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, நர்ஸ் சொல்லிவிட்ட திகதியைச் சொன்னாள்.

"இன்னொருக்கா."

அவள் இன்னொரு தரம் சொன்னாள். பின்படியில் நின்றிருந்த நானும், உதடு அசையாமல், கூடச் சொன்னேன்.